ஓமானின் காட்டுப் பாலூட்டிகள்: பட்டியலில் உள்ள நிலையும் மண்ணில் உள்ள நிலையும்

கேள்வி: மஸ்கட் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மஸ்கட்டில் உயர்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். யானை, புலி, சிங்கவால் குரங்கு என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்லும் இவர்கள், தாங்கள் வாழும் நாட்டின் காட்டு விலங்குகள் எவை என்று கேட்டால் ஒட்டகத்தைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. ஒட்டகமோ இங்கே காட்டு விலங்கே அல்ல. சாலையோரம் தனியாக மேயும் ஒட்டகத்துக்கும் ஓர் உரிமையாளர் இருப்பார். ஆகவே ஓமானின் காட்டுப் பாலூட்டிகளையும் அவற்றின் பாதுகாப்பு நிலையையும் பற்றி ஒரு பாடம் தயாரித்து வருகிறேன்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்கினேன். அங்கேயே இரண்டு முடிச்சுகள் விழுந்தன. அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலை மான் 1972-இல் காட்டில் அடியோடு அற்றுப்போனது என்று ஓரிடத்தில் படிக்கிறேன். அதே விலங்கு இன்று ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற, ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் பட்டியலிடப்பட்டுள்ளது. உலக அளவில் இது பெரிய வெற்றியாகவும் பேசப்படுகிறது. ஆனால் ஓமானில் அதற்காகவே அமைக்கப்பட்ட காப்பகத்தை 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறது. வெற்றி பெற்ற விலங்கின் காப்பகம் ஏன் நீக்கப்பட வேண்டும்? இந்த மூன்று செய்திகளையும் ஒரே கதையாக மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

இரண்டாவது முடிச்சு ஓநாயைப் பற்றியது. பட்டியலில் ஓநாய் ‘கவலை குறைந்த இனம்’. ஆனால் இங்குள்ள மலைக்கிராமங்களைச் சேர்ந்த சக ஆசிரியர்கள், தங்கள் பாட்டனார் காலத்தில் அடிக்கடி கேட்ட ஊளையைத் தாங்கள் கேட்டதே இல்லை என்கிறார்கள். பட்டியலை நம்புவதா, அவர்கள் சொல்வதை நம்புவதா? மேலும், ஓரிக்ஸ், சிறுத்தை இரண்டைத் தவிர, இந்தப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பாலூட்டிகள் வேறு எவை? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: ஹைமா சாலை

வணக்கம் அம்மா. நடு ஓமானில் எண்ணெய் வயல் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் ஓரிக்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறார்கள்.

காட்டு ஓரிக்ஸ்கள் கடைசியாக வாழ்ந்த இடம் ஜித்தத் அல் ஹராசிஸ் என்னும் சரளைக்கல் சமவெளி. மஸ்கட்டிலிருந்து உள்நாட்டு வழியாகச் சலாலாவுக்குச் செல்பவர்கள் ஹைமாவைக் கடக்கும்போது அதன் ஓரத்தைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமே இல்லை என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். சில ஆண்டுகளில் அங்கு மழை பெய்வதே இல்லை. ஆனால் அரபிக்கடலிலிருந்து இரவில் உள்ளே வரும் மூடுபனி, வன்னி மரங்களின் இலைகளிலும் காய்ந்த புற்களிலும் நீராகப் படிகிறது. அந்த ஈரத்தையும் புல்லுக்குள் இருக்கும் நீரையும் கொண்டே ஓரிக்ஸ் நெடுங்காலம் தண்ணீர் குடிக்காமல் வாழ்கிறது. வெண்ணிற உடல் வெயிலைத் திருப்பி அனுப்ப, கோடைப் பகலில் மரநிழலில் குளம்பால் குழி பறித்துப் படுத்துக் கிடந்து, வெயில் தணிந்த பின் மேய்ச்சலுக்கு எழுகிறது. தொலைவில் மழை பெய்தால் அந்தப் பக்கம் நடந்து போய்விடும். பாலைவனத்தில் வாழ்வதற்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்த பெரிய விலங்கு வேறொன்றை எனக்குத் தெரியாது. இதைச் சொல்லக் காரணம், ஓரிக்ஸ் அழிந்ததற்கு வறட்சியோ வெப்பமோ காரணமல்ல என்பதை மாணவர்கள் முதலில் உணர வேண்டும். பாலைவனத்தில் ஓடும் வாகனங்களும் தானியங்கித் துப்பாக்கிகளும் வந்த சில பத்தாண்டுகளில், ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்தச் சமவெளியில் அது வேட்டையாடித் தீர்க்கப்பட்டது. 1972 அக்டோபரில் கடைசிக் கூட்டத்தை அழித்தவர்களும் வெளியிலிருந்து வாகனங்களில் வந்த வேட்டைக்காரர்களே.

நல்ல வேளையாக, அந்த முடிவைப் பத்தாண்டுகளுக்கு முன்பே சிலர் எதிர்பார்த்திருந்தார்கள். லண்டனில் இயங்கிய விலங்கினப் பாதுகாப்புச் சங்கம் 1962-இல் ஒரு குழுவை அன்றைய ஏடன் பாதுகாப்பு நாட்டின் (இன்றைய யேமன்) கிழக்குப் பகுதிக்கு அனுப்பியது. கென்யாவின் தலைமை வனவிலங்குக் காப்பாளராக இருந்த இயன் கிரிம்வுட் அதற்குத் தலைமை தாங்கினார். அவர்கள் பிடித்தவற்றில் உயிரோடு காப்பாற்ற முடிந்தவை மூன்றே ஓரிக்ஸ்கள். அவற்றோடு லண்டன் விலங்குக்காட்சிச்சாலையிலிருந்து ஒன்றையும், குவைத்திலும் சவுதி அரேபியாவிலும் வளர்க்கப்பட்டவற்றிலிருந்து சிலவற்றையும் சேர்த்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வறண்ட தட்பவெப்பம் கொண்ட பீனிக்ஸ் நகரின் விலங்குக்காட்சிச்சாலையில் ஒன்பது விலங்குகளுடன் ஒரு மந்தை உருவானது. உலக மந்தை என்று அதை அழைத்தார்கள்.

அந்த மந்தை பெருகிய பின், ஓமானின் அன்றைய மன்னர் சுல்தான் காபூஸின் விருப்பத்தின்படி 1980-இல் ஓரிக்ஸ்கள் ஓமானுக்குத் திரும்பின. ஜித்தத்தில் யாலூனி என்னும் இடத்தில் பெரிய அடைப்புகளில் பழக்கப்படுத்தப்பட்டு, 1982 ஜனவரி 31 அன்று பத்து விலங்குகள் கொண்ட முதல் கூட்டம் திறந்த பாலைவனத்தில் விடப்பட்டது. அவற்றைக் காக்கும் பொறுப்பு அந்தச் சமவெளியின் பூர்வகுடிகளான ஹராசிஸ் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. திட்டத்தின் உயிர்நாடியே அந்த முடிவுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு, கால்தடத்தைப் பார்த்து அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 1994-இல் 27,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அரேபிய ஓரிக்ஸ் காப்பகம் உலகப் பாரம்பரியத் தலமானது. 1996-இல் எண்ணிக்கை ஏறத்தாழ 450-ஐ எட்டியது.

அதே 1996-இல் கள்ளவேட்டை மீண்டும் தொடங்கியது. இம்முறை இறைச்சிக்காகவோ கொம்புக்காகவோ அல்ல. உயிருள்ள ஓரிக்ஸ்களை, குறிப்பாகப் பெண் விலங்குகளையும் கன்றுகளையும், பிடித்து எல்லைக்கு அப்பால் தனியார் விலங்குப் பண்ணைகளுக்கு விற்பதற்காக. துரத்திப் பிடிக்கும்போதே பல செத்தன. 1998 செப்டம்பரில் காட்டில் எஞ்சியவை 138. அவற்றில் பெண் விலங்குகள் 28 மட்டுமே. இனி இந்தக் கூட்டம் தானாக நிலைக்காது என்று முடிவுசெய்து, இருந்தவற்றில் ஒரு பகுதியைப் பிடித்து மீண்டும் அடைப்புக்குள் கொண்டுவந்தார்கள். 2007-இல் எஞ்சியவை சுமார் 65, இனப்பெருக்கம் செய்யும் இணைகள் நான்கு என்ற நிலை. எண்ணெய் வள ஆய்வுக்காகக் காப்பகத்தின் பரப்பு 90 விழுக்காடு குறைக்கப்பட்டு 2,824 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதும், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் தலம் உலகிலேயே இதுதான்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சிவப்புப் பட்டியல் ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, ஓர் இனத்தைப் பற்றிப் பேசுகிறது. ஓமானில் ஓரிக்ஸ் வீழ்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சவுதி அரேபியாவிலும், ஐக்கிய அரபு அமீரகத்திலும், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் அது விடப்பட்டுப் பெருகியது. காட்டில் ஏறத்தாழ ஆயிரம் விலங்குகள் என்ற நிலையை எட்டியபோது, 2011-இல், அது ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டது. காட்டில் அற்றுப்போன ஓர் இனம் அங்கிருந்து மூன்று படிகள் மேலேறியது வரலாற்றில் அதுவே முதன்முறை. மிகச் சிறிய எண்ணிக்கை கொண்ட இனங்களுக்கான விதி இது: காட்டில் முதிர்ந்த விலங்குகள் ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் மிக அருகிய இனம், 250-க்குக் குறைவாக இருந்தால் அருகிய இனம், ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் அழிவாய்ப்பு இனம். ஆக, உலகளவில் ஓரிக்ஸ் மீண்டதும் உண்மை, அதை முதலில் மீட்ட நாட்டில் அது இரண்டாம் முறை வீழ்ந்ததும் உண்மை.

முன்பு அரேபிய ஓரிக்ஸ் காப்பகமாக இருந்த, இன்றைய அல் வுஸ்தா காப்பகத்தில் நூற்றுக்கணக்கான ஓரிக்ஸ்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை வேலிக்குள் பராமரிக்கப்படுபவை. வேலிக்குள் இருப்பதைக் காட்டுக்குத் திரும்பியதாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1982-இல் திறந்துவிடப்பட்டவை வேலியின்றி வாழ்ந்து காட்டின. அந்த நிலை திரும்பும்வரை திட்டம் முடிந்துவிட்டதாகச் சொல்வது சரியாகாது.

மறுமொழி: வால்பாறைக்காரர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஹைமா சாலை ஐயா எழுதியதைப் படித்த பின் ஓரிக்ஸைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு விலங்கு மஸ்கட்டுக்குப் பின்னால் உள்ள மலையிலேயே இருக்கிறது. அரேபிய வரையாட்டைச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

அரேபிய வரையாடு உலகில் ஓமானிலும் அதை ஒட்டிய ஐக்கிய அரபு அமீரகத்திலும் உள்ள ஹஜர் மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் கிடையாது. வரையாடுகள் என அழைக்கப்படுபவற்றில் உருவில் மிகச் சிறியது அதுவே. செங்குத்தான பாறைச் சரிவுகளில், பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வாழ்கிறது. ஓரிக்ஸைப் போலத் தண்ணீரின்றி வாழ அதனால் முடியாது. கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை நீர்நிலைக்கு இறங்கியே ஆக வேண்டும். அந்த நீர்நிலைகளில்தான் அதன் சிக்கலும் இருக்கிறது. வீட்டு ஆடுகளும், உரிமையாளர் கைவிட்டுக் காட்டில் திரியும் ஆடுகளும் கழுதைகளும் அதே புல்லையும் அதே நீரையும் பகிர்கின்றன. மலைக்குள் அமைக்கப்படும் ஒவ்வொரு புதிய சாலையும் வேட்டைக்காரரின் பயண நேரத்தைக் குறைக்கிறது. ஒரே தொடராக இருந்த வாழிடத்தையும் துண்டாக்குகிறது. சிவப்புப் பட்டியலில் இது ‘அருகிய இனம்’. 1970-களிலிருந்தே மஸ்கட்டுக்குத் தெற்கே வாதி ஸரீன் பகுதி இதற்காகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கும் காவலர்கள் உள்ளூர் மக்களே.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இந்த விலங்கின் அறிவியல் பெயரில் ஓர் இந்தியரின் பெயர் இருக்கிறது. ஆத்மாராம் சதாசிவ் ஜெயகர் என்ற மருத்துவர், இந்திய மருத்துவப் பணியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மஸ்கட்டுக்கு அனுப்பப்பட்டு, பல ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். மருத்துவப் பணிக்கிடையே அவர் திரட்டி லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, 1894-இல் விலங்கியலாளர் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் இந்த வரையாட்டை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, அவர் பெயரையே இட்டார். ஒரு கடற்குதிரை, ஒரு பல்லி, ஒரு மண்ணுளிப் பாம்பு ஆகியவையும் ஜெயகரின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. ஓமானின் விலங்குகளைப் பற்றிய அறிவில் இந்தியாவிலிருந்து வந்த ஒருவருக்கு இவ்வளவு பங்கு இருப்பது, அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்த மலையின் மீது ஓர் உரிமையுணர்வைத் தரும் என்று நம்புகிறேன்.

அறிவியல் நோக்கிலும் ஒரு சுவையான பாடம் இதில் கிடைக்கிறது. இமயமலை, நீலகிரி, அரேபியா ஆகிய மூன்று வரையாடுகளும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2005-இல் வெளியான மரபணு ஆய்வு, நீலகிரி வரையாடு செம்மறி ஆடுகளுக்கும், அரேபிய வரையாடு வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கும் நெருங்கிய உறவு என்று காட்டியது. இன்று மூன்றும் மூன்று தனிப் பேரினங்கள். அரேபிய வரையாட்டின் பேரினத்தில் அது ஒன்று மட்டுமே இருக்கிறது. அது அற்றுப்போனால் அந்தக் கிளையே இல்லாமல் போகும்.

மஸ்கட் ஆசிரியை

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஜெயகரைப் பற்றி இதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவரைக் கொண்டே பாடத்தைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ஓநாய் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. தெற்கே டோஃபார் பகுதியை அறிந்தவர்கள் யாராவது சிறுத்தையைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சலாலா கால்நடை மருத்துவர்

வணக்கம் அம்மா. டோஃபார் மலைகளில் மாடு, ஆடு, ஒட்டகம் வளர்ப்பவர்களோடு பணிபுரிவதால், ஓநாயையும் சிறுத்தையையும் கழுதைப்புலியையும் பெரும்பாலும் அவற்றால் கால்நடையை இழந்தவர்களின் வாய்மொழியாகவே அறிந்தவன் நான்.

பட்டியலும் உங்கள் சக ஆசிரியர்களும் சொல்வது இரண்டுமே உண்மை. ஓநாய் என்னும் இனம் கனடாவிலிருந்து சைபீரியாவரை பரந்து வாழ்கிறது. அதனால் உலக அளவில் அது கவலை குறைந்த இனம். அரேபியத் தீபகற்பத்தில் வாழ்வது அதன் சிறிய, மெலிந்த உள்ளினம். ஆட்டை அடித்துவிடும் என்ற அச்சத்தால் எங்கு கண்டாலும் கொல்லப்படுவது. தெருநாய்களோடு கலந்து அதன் மரபுத் தூய்மையும் கெட்டு வருகிறது. தீபகற்பத்தின் ஊனுண்ணிகளை மட்டும் தனியே மதிப்பிட்ட மண்டலச் சிவப்புப் பட்டியல் ஒன்று 2011-இல் வெளியானது. உலகப் பட்டியலில் இருப்பதைவிட மோசமான நிலையில் ஓநாயும் வரிக்கழுதைப்புலியும் அதில் வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர்களுக்குக் காட்டுவதானால் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உலகப் பட்டியலை மட்டும் பார்த்தால் கேரகல் பூனை, மணல் பூனை, ருப்பெல் நரி, பிளான்ஃபோர்ட் நரி, தேன்வளைக்கரடி என ஓமானின் ஊனுண்ணிகளில் பெரும்பாலானவை ‘கவலை குறைந்த இனம்’ என்றே தோன்றும். அவற்றில் எதற்கும் இந்த நாட்டில் கவலையே வேண்டாம் என்று அதற்குப் பொருளல்ல. சிவிங்கிப்புலி இதற்குத் தெளிவான சான்று. ஆப்பிரிக்காவில் அது இன்றும் இருக்கிறது, பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக நிற்கிறது. ஓமானில் 1970-களுக்குப் பிறகு இல்லை.

அரேபியச் சிறுத்தையின் நிலை இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. உள்ளினம் என்ற அளவில் அது ‘மிக அருகியது’. காட்டில் எஞ்சியவை எல்லா நாடுகளிலும் சேர்த்து 200-க்கும் குறைவு. ஓமானின் வடகோடியில் முஸந்தம் மலைகளிலும் ஒரு காலத்தில் இருந்தது. இன்று அதன் புகலிடம் டோஃபார் மட்டுமே: ஜபல் ஸம்ஹான், ஜபல் கரா, ஜபல் கமர். ஆனி முதல் புரட்டாசித் தொடக்கம்வரை நம் மேற்குத் தொடர்ச்சி மலையை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலைகளின் கடல்முகச் சரிவுகளையும் மூடுபனியால் போர்த்துகிறது. கரீஃப் என்று இங்கே அதைச் சொல்வார்கள். பாலைவன நாட்டில் காடு நிற்பதும், முள்ளம்பன்றியும் பாறை முயல்போன்ற ஹைராக்ஸும் வாழ்வதும் அதனால்தான். உச்சிக்கு அப்பால் உள்ள வறண்ட சரிவுகளில் நூபிய ஐபெக்ஸ் ஆடும் அரேபியக் கசல் மானும் மேய்கின்றன. இவ்விரண்டும் அழிவாய்ப்பு இனங்கள். சிறுத்தையின் இயல்பான இரை இவையே.

இரை குறைந்தால் சிறுத்தை ஆட்டிடம் வரும். ஆட்டிடம் வந்தால் துப்பாக்கியோ நஞ்சோ காத்திருக்கும். மேய்ச்சல் கால்நடைகளின் எண்ணிக்கை சில பத்தாண்டுகளில் மலை தாங்கும் அளவை மிஞ்சிவிட்டது. தீவன மூட்டையை லாரியில் ஏற்றி வருவதால், புல் இல்லாத ஆண்டிலும் மந்தை குறைவதில்லை. ஆகவே புல் முளைக்கும்போதே தின்று தீர்க்கப்படுகிறது, கசல் மானுக்கும் ஐபெக்ஸுக்கும் மிஞ்சுவது குறைவு. வேட்டைத் தடை வேண்டியதுதான். ஆனால் மேய்ச்சலைப் பற்றிப் பேசாமல் சிறுத்தையைக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை. ஆடு மேய்ப்பவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதும் பயன்தராது. இரவில் ஆட்டைப் பட்டியில் அடைப்பதற்கும் இழந்த ஆட்டுக்கு ஈடு பெறுவதற்கும் அவருக்கு உதவி கிடைத்தால், நஞ்சு வைப்பதை நிறுத்த முதலில் முன்வருபவர் அவராகவே இருப்பார்.

செய்யப்பட்டவற்றையும் சொல்ல வேண்டும். 1985-லேயே ஓமானின் பாலூட்டி இனப்பெருக்க மையத்தில் சிறுத்தைகளைக் காப்பிடத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1997-இல் ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜபல் ஸம்ஹான் இயற்கைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டு, கண்ணால் காண்பது அரிதான இந்த விலங்கு அங்கே வாழ்ந்து இனம் பெருக்குவது உறுதியானது. 2023-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை பிப்ரவரி 10-ஐ அரேபியச் சிறுத்தைக்கான பன்னாட்டு நாளாக அறிவித்தது. உங்கள் பள்ளியில் பாடம் நடத்த அது பொருத்தமான நாள்.

ஹைமா சாலை ஐயாவின் ஒரு கருத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. வேலியை அவர் சற்றுக் கடுமையாகவே பார்க்கிறார் என்று நினைக்கிறேன். 1999-க்குப் பின் அந்த வேலி இல்லாதிருந்தால் ஓமானின் ஓரிக்ஸ்கள் இன்று ஒன்றுகூட எஞ்சியிருக்காது. வாங்கும் சந்தை இருக்கும்வரை திறந்துவிடுவது பிடிப்பவனுக்கு வழிவிடுவதாகவே முடியும்.

மறுமொழி: நாகைக் கரையோரம்

நிலத்தைப் பற்றியே எல்லோரும் எழுதியதால் கடலை நினைவூட்டச் சிறிது எழுதுகிறேன். ஓமான் கரையோரம் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலமும் அந்த நாட்டின் காட்டுப் பாலூட்டியே. உலகின் பிற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலுக்கும் வெப்பக் கடலுக்கும் இடையே ஆண்டுதோறும் வலசை போக, அரபிக்கடலில் வாழும் இந்தக் கூட்டம் மட்டும் ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி, பருவக்காற்று கிளப்பிவிடும் வளமான நீரிலேயே இரை தேடி இனம் பெருக்குகிறது. மற்றக் கூட்டங்களிலிருந்து அது பிரிந்து சுமார் 70,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 1966 நவம்பரில் சோவியத் கப்பல்கள் சட்டத்தை மீறி 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களை இந்தக் கடலில் கொன்றன. அந்த இழப்பிலிருந்து கூட்டம் இன்னும் மீளவில்லை. ஓமான் கடற்பகுதியில் நூற்றுக்கும் குறைவாகவே இருப்பதாகக் கணிப்பு. இனமாகப் பார்த்தால் கூன்முதுகுத் திமிங்கிலம் கவலை குறைந்தது. இந்தக் கூட்டம் தனியே ‘அருகியது’ என மதிப்பிடப்பட்டிருக்கிறது. மருத்துவர் ஐயா ஓநாயைக் கொண்டு சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

2017-இன் இறுதியில் மஸீரா வளைகுடாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் திமிங்கிலம், அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து சென்றது. லுபான் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். மஸ்கட்டில் படிக்கும் நம் பிள்ளைகளின் சொந்த ஊர்க் கடலும் அந்தத் திமிங்கிலத்தின் வாழிடமே என்பதால், மீன்பிடி வலையில் சிக்குவதும் கப்பலில் மோதுவதும் இரு கரைகளுக்கும் பொதுவான சிக்கல்கள்.

மறுமொழி: ஹைமா சாலை

மருத்துவர் ஐயா சொல்வதில் உள்ள நியாயத்தை மறுக்கவில்லை. வேலி விலங்கைக் காப்பாற்றியது. ஆனால் வேலி பாலைவனத்தில் என்ன செய்யும் என்பதற்குச் சவுதி அரேபியாவிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் இருப்பதால் அதையும் ஆசிரியை அம்மாவின் பாடத்துக்காகப் பதிவு செய்கிறேன்.

மஹாஸாத் அஸ்ஸைத் என்னும் காப்பகம் 2,244 சதுர கிலோமீட்டர், முழுவதும் வேலியிடப்பட்டது. 1990-இல் அங்கே ஓரிக்ஸ்கள் விடப்பட்டு நன்கு பெருகின. ஆனால் 1999-க்குப் பின் அடுத்தடுத்து வந்த வறட்சி ஆண்டுகளில், மழை பெய்த இடத்தைத் தேடி நடக்க முடியாமல், பல நூறு விலங்குகள் வேலிக்குள்ளேயே பட்டினியில் மடிந்தன. மழையைப் பின்தொடர்ந்து நடப்பதே இந்த விலங்கின் வாழ்க்கைமுறை. அதைத்தான் வேலி தடுத்தது. மற்றொன்று, ருபா அல் காலி பெருமணற்பரப்பின் மேற்கு விளிம்பில் உள்ள உரூக் பனீ மஆரித். அங்கே 1995 முதல் வேலியே இல்லாமல் ஓரிக்ஸ்களும் மணல் கசல் மான்களும் விடப்பட்டன. கள்ளவேட்டை அங்கும் நிகழ்ந்தது; எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஆயினும் காவலைக் கைவிடாமல் தொடர்ந்ததால் அந்தக் கூட்டம் நிலைத்தது. 2023-இல் அந்த இடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஆகவே வேலியா, திறந்த வெளியா என்பதைவிட, வாங்குபவரை எப்படித் தடுப்பது என்பதே எனக்கு முதல் கேள்வியாகத் தெரிகிறது. ஓமானில் 2003-இல் அரச ஆணையாக வந்த இயற்கைக் காப்பகங்கள், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடிப்பவனைத் தண்டிக்கிறது. எல்லைக்கு அப்பால் விலை கொடுத்து வாங்கிய பண்ணைகளை ஒரு நாட்டின் சட்டம் எட்டாது. தீபகற்பத்தில் இன்று அடைப்புகளில் வாழும் ஓரிக்ஸ்கள் ஆறு, ஏழு ஆயிரம் இருக்கும். காட்டில் உள்ளவற்றைப் போல் பல மடங்கு. பண்ணையில் பிறந்தது எது, பாலைவனத்திலிருந்து திருடப்பட்டது எது என்று பிரித்தறியும் பதிவு முறை எல்லா நாடுகளிலும் கட்டாயமாக வேண்டும். அதோடு, திறந்துவிடும் இடங்களில் 1982-இல் செய்ததுபோல அந்த மண்ணின் மக்களுக்கே நிலையான ஊதியத்தோடு காவற்பணி தரப்பட வேண்டும். ஆசிரியை அம்மா மாணவர்களை அழைத்துச் செல்ல விரும்பினால், அல் வுஸ்தா காப்பகத்துக்குச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, கோடை தொடங்கும் முன் செல்வது நல்லது. அங்குள்ள ஹராசிஸ் காவலர்களிடம் பிள்ளைகளை நேரில் பேச வையுங்கள்.